அணைக்கும் வயது உண்டு

காக்க வந்த அணையே உடைந்து பாயுமானால் அதனினும் பெருங்கேடு வேறில்லை. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், கார்டெல் நகருக்கு அருகே, 1948ஆம் ஆண்டில் ஓடையொன்றின் குறுக்கே சிறிய மண் அணை எழுந்தது. வெள்ளத் தடுப்புக்கென அந்நாட்டு அரசின் துணையோடு கிராமப்புறங்களில் எழுந்த 11,000க்கும் மேற்பட்ட சிற்றணைகளுக்கு அதுவே முன்னோடி. அவற்றுள் பெரும்பாலானவை 50 ஆண்டுப் பயன்பாட்டைக் கருதி அமைக்கப்பெற்றவை. இன்று பல அவ்வயதைக் கடந்துவிட்டன. வண்டல் படிந்து கொள்ளளவு குறைகிறது, வடிகுழாய் துருப்பிடிக்கிறது, மரவேர் கரையைத் துளைக்கிறது. வயலைக் காக்க எழுந்த அணை, மக்களை வெள்ளத்தையே மறக்கச் செய்தது. அம்மறதியில் அணைக்குக் கீழே வீடுகள் எழுந்தன. சீரமைப்புக்கு 2000ஆம் ஆண்டில் சட்டம் வந்தும், எஞ்சிய பணி மிகுதி. ஆண்டுதோறும் கரையை நடந்து பார்க்கும் கண்ணும், பழுது நீக்க ஒதுக்கிய பொருளும் இல்லையேல், அணை கட்டாதிருத்தலே நன்று.