உனக்கெதுக்கு ஃபர்ஸ்ட் குரூப்பு?



ஜூன் பிறந்தால் எங்கள் வங்கிக் கிளையில் என் கவுன்ட்டர் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை கட்டி நிற்கும். பத்தாவது முடித்துப் பதினொன்றில் சேர்ந்த நம் பிள்ளைகள். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை நேராகக் கணக்கில் விழும் என்பதால் கணக்குத் தொடங்கணும், ஆதாரை இணைக்கணும். பாரத்தை வாங்கிச் சரிபார்ப்பது என் வேலை. கூடவே ஒன்று கேட்பேன்: "என்ன குரூப்பு?" பாரத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. மேனேஜருக்கும் இது பிடிக்காது.

போன வாரம் ஒரு பொண்ணு வந்தாள். அன்றைய கூலியை விட்டுவிட்டு அவள் அம்மாவும் கூட வந்திருந்தாள். "நர்சிங் குரூப்பு சார். டாக்டருக்குப் படிக்கப் போறேன்" என்றாள் பொண்ணு. மார்க் கேட்டேன். 500க்கு 421. அறிவியலில் 90.

"பின்ன ஏம்மா தொழிற்கல்வியில சேந்த?"

"சார்தான் சொன்னாரு. இதுல சேந்தா ஆஸ்பத்திரி வேலைக்குச் சீக்கிரம் போயிடலாம்னு."

அந்தப் பிரிவில் இயற்பியல் இல்லை, வேதியியல் இல்லை. அது இரண்டும் படிக்காமல் நீட் எழுத முடியாது. நீட் கூடாது என்பது 2017 முதல் நாம் போடுகிற சண்டை, அது தனி. ஆனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டையும் சேர்த்து, இந்தப் பொண்ணுக்கு ஒரு ஆள் ஒரே வாக்கியத்தில் இல்லையென்று ஆக்கிவிட்டார். அவளுக்கு அது தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. கவுன்ட்டரில் உட்கார்ந்துகொண்டு நான் எப்படிச் சொல்ல? சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன் என்று முகவரி வாங்கிக்கொண்டேன்.

எனக்கும் இப்படித்தான் நடந்தது. 391 மார்க்கோடு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். தலைமையாசிரியர் மார்க் ஷீட்டை முழுசாகக்கூடப் பார்க்கவில்லை. எந்தத் தெரு என்று கேட்டார். "உனக்கெதுக்குடா ஃபர்ஸ்ட் குரூப்பு? கணக்குல திணறுவ. மூணாங் குரூப்புல சேரு, பாஸாயிட்டுப் போவ." அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. என்னைவிடக் குறைந்த மார்க் வாங்கிய ஊர்த்தெருப் பையன்கள் மூன்று பேர் ஃபர்ஸ்ட் குரூப்பில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குக் கணக்கு வருமா என்று யாரும் கேட்கவில்லை.

'மூணாங் குரூப்பு படிச்சுத்தானே பேங்க்குல உக்காந்திருக்க, அப்புறம் என்ன?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உண்மைதான். வணிகவியல் எனக்குச் சோறு போடுகிறது, அதை மட்டமாகச் சொல்ல மாட்டேன். தொழிற்கல்வியும் மட்டமில்லை. விரும்பி எடுத்தால் எல்லாப் படிப்பும் படிப்புதான். என் கேள்வி, தேர்ந்தெடுத்தது யார் என்பது. அண்ணல் அம்பேத்கர் உயர்நிலைப் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க ஆசைப்பட்டார். தீண்டத்தகாத பையனுக்கு அது கிடையாது என்று பாரசீகம் படிக்க வைத்தார்கள். 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். சமஸ்கிருதத்தைப் பின்னாளில் தானே முயன்று படித்துக்கொண்டார். அவர் அம்பேத்கர், படித்துக்கொண்டார். 421 வாங்கிய இந்தப் பொண்ணு இயற்பியலை எங்கே போய்ப் படிப்பாள்?

அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு 69 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. அதில் நமக்கு 18, பழங்குடி மக்களுக்கு 1. பள்ளி மொத்தத்துக்கும் கூட்டினால் கணக்கு சரியாக வரலாம். குரூப் குரூப்பாகப் பிரித்துப் பாருங்கள். ஊரும் சேரியும் வகுப்பறைக்குள்ளேயே வரப்புப் போட்டு நிற்பது தெரியும். அந்தப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லி நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நானும் கேட்டதில்லை.

2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் என்ன படிக்கலாம், எங்கே சேரலாம் என்று வழிகாட்டுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் மடை திரும்புவது பத்தாவது ரிசல்ட் வந்த அந்த ஒரு வாரத்தில். அந்த வாரத்தில் நம் பிள்ளைக்குப் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. அதுக்கப்புறம் எத்தனை முகாம் போட்டும் என்ன?

படிப்புக்கு வெளியே நடப்பதையும் பார்க்கணும். என் பள்ளியில் என்.சி.சி. உடுப்பு அவர்களுக்கு, ஆண்டு விழாவுக்கு நாற்காலி தூக்குவது நமக்கு. ராஜா வேஷம் ஒருநாளும் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை. ஓட்டப்பந்தயத்தில் மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், கப்பு பள்ளிக்கு வேணுமே. ஒரே ஒரு தமிழய்யா என்னைப் பேச்சுப் போட்டிக்கு அனுப்பினார். நான் எழுதுகிறேன் என்றால் அவர்தான் காரணம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த நம் பையனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதிக் கயிறு கூடாது என்றது, பிள்ளைகளின் குறை கேட்கப் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்றது. இரண்டும் வேண்டியதுதான். குரூப் கொடுக்கிற மேசையில் கயிறு கட்டாத கையும் சாதி பார்க்கிறதே, அதற்கும் யாராவது ஒரு வழி சொல்லணும்.

அன்று சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போனேன். விவரத்தைச் சொன்னதும் பொண்ணு அழவில்லை, "இப்ப மாத்த முடியுமா சார்?" என்றாள். அம்மாதான் அழுதாள். திங்கட்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன். அந்தப் பொண்ணு, அம்மா, நம் வாசகர் வட்டத் தோழர்கள் இரண்டு பேர், நான். மனு எழுதியாச்சு. உயிரியல் உள்ள ஃபர்ஸ்ட் குரூப்பில் இடம் கேட்டிருக்கிறோம், குரூப் வாரியான சேர்க்கைப் பட்டியலும் கேட்டிருக்கிறோம். என்ன பதில் வந்தது என்று அடுத்த இதழில் எழுதுகிறேன். உங்க ஊர்ப் பள்ளியில் எந்தக் குரூப்பில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டு எழுதுங்க. அஞ்சலட்டை போதும்.