மஞ்சப்பைக்கு ஒரு பேரேடு

எங்கள் வீட்டில் ஒரு மஞ்சப்பை இருக்கிறது. ஏதோ ஒரு கல்யாணத்தில் தேங்காய், வெற்றிலை பாக்குடன் கொடுத்தது. மணமக்கள் பெயர் பாதி அழிந்துவிட்டது. அவர்களுக்கு இப்போது காலேஜ் போகிற பிள்ளைகள் இருக்கலாம். தேங்காய் சட்னியான பிறகு அந்தப் பையில் அப்பா குடியேறினார். அதாவது அப்பாவின் ரத்தம், எலும்பு, இருதயம், இத்யாதி, காகித ரூபத்தில்.

அப்பா எந்த டாக்டரிடம் போனாலும் பையும் கூடப் போகும். "பழைய ரிப்போர்ட் இருக்கா?" என்பார் டாக்டர். அப்பா பையை மேஜை மேல் கவிழ்ப்பார். மேலாக இருக்கிற இரண்டு தாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "புதுசா ஒரு டெஸ்ட் எடுத்துடலாமே" என்பார் டாக்டர். பை இன்னும் கொஞ்சம் கனக்கும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மழையில் மேட்ச் நின்று போனது. வேறு வேலை இல்லாமல் பையைப் பிரித்தேன். நான் பி.காம். "இந்தப் படிப்பால வீட்டுக்கு என்னடா பிரயோஜனம்?" என்று அப்பா பதினைந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அன்றைக்குத்தான் அவருக்குப் பதில் கிடைத்தது.

மொத்தம் 61 சீட்டு. அதில் மூன்று கேஸ் பில். ஒன்று, 2003ல் தமிழ்நாட்டில் லாட்டரி ஒழிவதற்கு முன் வாங்கிய டிக்கெட். (விழவில்லை. விழுந்திருந்தால் பையில் ஏன் இருக்கிறது?) மிச்சத்தைத் தேதி வாரியாக அடுக்கினேன். அக்கவுண்ட்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும், இது வெறும் குறிப்பேடு. ஜர்னல். எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று சொல்லும். முத்துசாமி நமக்கு எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டால் முழிக்கும். அதற்கு ஒவ்வொருவர் பெயரிலும் பக்கம் ஒதுக்கிப் பேரேட்டில் போஸ்டிங் போடவேண்டும்.

போட்டேன். லாங் சைஸ் நோட்டில் பிரஷர் கணக்கு, சர்க்கரைக் கணக்கு, முட்டிக் கணக்கு, கழுத்துக் கணக்கு, கிட்னிக் கணக்கு. அப்பா ஆறு மாதமாகச் சொல்லிவரும் "ஒரு மாதிரி களைப்பா இருக்குடா"வுக்குத் தனிப் பக்கம்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கணக்கு இடித்தது.

மார்ச்சில் முட்டி டாக்டர் ஒரு வலி மாத்திரை எழுதியிருக்கிறார். மே மாதம் கழுத்து டாக்டர் ஒரு வலி மாத்திரை. பெயர் வேறு, கம்பெனி வேறு, அட்டையின் நிறம் வேறு. அட்டைக்குப் பின்னால் பொடி எழுத்தில் இரண்டிலும் ஒரே சரக்கு, டைக்ளோஃபெனாக். ஒன்று தனித்துப் போட்டி, இன்னொன்று பாராசிட்டமாலுடன் கூட்டணி. அப்பா ஒழுக்கமான மனுஷர். இரண்டையும் ஒரு வேளை விடாமல் சாப்பாட்டுக்கு அப்புறம் விழுங்கியிருக்கிறார்.

கிட்னிப் பக்கத்தில் மூன்று வரி. கிரியாட்டினின் ஜனவரியில் 1.1. ஜூனில் 1.4. அக்டோபரில் 1.9. மூன்று வேறு வேறு லேப். ஜூனில் எடுத்தது கண் ஆபரேஷனுக்காக. கண் டாக்டர் கண்ணைப் பார்த்தார். அக்டோபர் ரிப்போர்ட் தாளாகவே வரவில்லை. ஆபீஸில் மாதக் கடைசி நெருக்கடியில் என் வாட்ஸ்அப்புக்கு வந்தது. நான் கட்டைவிரல் படம் போட்டு நன்றி சொல்லியிருக்கிறேன்.

இரண்டு மாத்திரையையும் மாதா மாதம் வாங்கி வந்தவனும் நான்தான். ஒரே கடை, ஒரே பில்.

நோட்டை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு டாக்டரம்மாவிடம் ஓடினேன். எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தபோது பார்த்தவர். இரண்டு வருஷமாக அப்பாவை அவரிடம் கூட்டிப் போகவில்லை. முட்டிக்கு முட்டி டாக்டர், கண்ணுக்குக் கண் டாக்டர் என்று முன்னேறிவிட்டோம். முழு அப்பாவுக்கு டாக்டர் இல்லாமல் போய்விட்டார்.

டாக்டரம்மா இரண்டு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "இந்த ரெண்டு வலி மாத்திரையையும் இன்னியோட நிறுத்துப்பா. இவர் சாப்பிடற பிரஷர் மாத்திரையோட சேர்ந்து இது கிட்னியைப் போட்டு அழுத்தும். நாளைக்கே கிட்னி டாக்டரைப் பார்க்கணும்" என்றார். லெட்டரும் எழுதிக் கொடுத்தார். (இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டு மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.)

அப்புறம் நோட்டைப் புரட்டிச் சிரித்தார். "நீ பண்ணினதைத்தான் 1968லயே அமெரிக்காவில லாரன்ஸ் வீட்னு ஒரு டாக்டர் சொன்னார். நாள்வாரியா எழுதாதே, பிரச்னைவாரியா எழுதுன்னு." நோயாளியின் பிரச்னைகளுக்கு ஒரு பட்டியல், ஒவ்வொன்றுக்கும் நம்பர், எழுதுகிற ஒவ்வொரு குறிப்பும் அந்த நம்பரின் கீழ். ஆக, பேரேடு! நோயாளி சொன்னது, டாக்டர் கண்டது, அதிலிருந்து நினைத்தது, இனி செய்யப்போவது என்று குறிப்புக்கு நாலு பாகம். அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'சோப்' என்று வரும். ஸ்டூடண்ட்ஸுக்கு மறக்காது.

எனக்கு ரொம்பப் பிடித்தது வீட் சொன்ன இன்னொன்று. தெரிந்த அளவுக்கு மட்டும் எழுது, ஊகத்தை வியாதி என்று எழுதாதே. களைப்பு என்றால் களைப்பு. எங்கள் பாஷையில் அனாமத்துக் கணக்கு, அதாவது சஸ்பென்ஸ் அக்கவுண்ட். வித்தியாசம் எங்கே என்று தெரிகிறவரை தொகையை அங்கே வைப்போம். சொந்தமாக ஒரு தலைப்பு கண்டுபிடித்து டாலி பண்ணினால் ஆடிட்டர் தோலை உரிப்பார்.

வியாதிகளுக்கு நம்பர் போடுகிற வழக்கம் பழையது. பாரிஸ் நகரப் புள்ளிவிவர அதிகாரி ஜாக் பெர்ட்டியோன் 1893ல் ஒரு பட்டியல் கொடுத்தார். அது மரணக் காரணங்களின் பட்டியல். செத்தவர்களுக்குத்தான் நம்பர். 1948ல் உலக சுகாதார நிறுவனம் ஏற்று நடத்த ஆரம்பித்த பிறகுதான் உயிரோடு இருக்கிற நோயாளிகளுக்கும் அதில் இடம் கிடைத்தது. அமெரிக்கா 2015லிருந்து உபயோகிக்கும் பதிப்பில் வாத்து கடித்தால் ஒரு நம்பர், வாத்து மோதினால் வேறு நம்பர். மாமனார் மாமியாருடன் தகராறுக்கும் ஒன்று உண்டு. சத்தியமாக.

ஆனால் தெரு டாக்டரிடம் வருகிற யாரும் வியாதிப் பெயரோடு வருவதில்லை. "தலை கிர்ருனு இருக்கு டாக்டர்" என்றுதான் வருகிறார்கள். அதற்காகவே உலகக் குடும்ப டாக்டர்கள் அமைப்பான வோன்கா 1987ல் தனியாக ஒரு பட்டியல் கொண்டுவந்தது. 17 அத்தியாயம், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து, பக்கத்தில் இரண்டு இலக்கம். அவ்வளவுதான். டாக்டர் கண்டுபிடித்த வியாதி ஒரு பக்கம் இருக்கட்டும், வந்தவர் எதற்காக வந்தார் என்பதையும் அவர் சொன்னபடியே அதில் பதியலாம். 1998ல் வந்த இரண்டாம் பதிப்பை டாக்டரம்மா புரட்டிக் காட்டினார். களைப்பு, ஏ 04. இருதய நோய் வந்துவிடுமோ என்ற பயம், கே 24. வியாதிக்கு வேறு நம்பர், பயத்துக்கு வேறு! ஆபீஸ் பிரச்னை, இஸட் 05. ஊருக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை காலையில் லீவு சர்டிபிகேட் கேட்டு வந்து நிற்கிறீர்களே, உங்களையும் விடவில்லை. நிர்வாகக் காரியம், ஏ 62.

"இப்பதான் எல்லாம் கம்ப்யூட்டராச்சே டாக்டர்" என்றேன். 2021லிருந்து நாடு முழுக்க 14 இலக்க ஆபா நம்பர் கொடுக்கிறார்கள். ரிப்போர்ட்டுகளை அதோடு இணைத்து வைக்கலாம். நல்ல விஷயம்தான். "61 சீட்டும் செல்போனுக்குள்ள இருந்திருந்தா நீ பார்த்திருப்பியா?" என்றார். கட்டைவிரல் சமாசாரத்தை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

மூன்று வாரம் கழித்து எடுத்த டெஸ்டில் 1.6. முட்டிக் கணக்கில் நஷ்டம். மாத்திரை நின்றதிலிருந்து அப்பா மாடிப்படியில் நின்று நின்று ஏறுகிறார். கிட்னி டாக்டர் சம்மதித்த தைலமும் சுடுதண்ணி ஒத்தடமும் பாதிதான் கேட்கிறது. களைப்பு கிட்னியால்தானா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "இன்னும் தெரியலை. உன் அனாமத்திலேயே இருக்கட்டும்" என்றார்.

அடுத்த டெஸ்ட் வருகிற 14ம் தேதி. கிட்னிப் பக்கத்தில் ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். பையை அம்மா துவைத்துக் கொடியில் காயப் போட்டிருக்கிறாள்.