உரிமத்தோடு சிறுநீர்க் குழாய் ஏட்டையும் பாருங்கள்



விக்கிரவாண்டி பக்கம் குண்டலப்புலியூரில் இயங்கிய ஆசிரமத்தில் 2023 பிப்ரவரியில் சோதனை நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். அதன்பிறகு காப்பகம் என்றாலே உரிமம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். சிறுநீர்க் குழாய் பொருத்திய முதியவர்களின் கட்டிலோரம் தொங்கும் யூரின் பேக்கைப் பற்றிப் பேச்சே இல்லை.

மருத்துவர் எழுதித் தருவது எளிய வேலைதான். பேக் சிறுநீர்ப்பைக்குக் கீழேயே இருக்க வேண்டும், தரையில் படக்கூடாது, குழாய் மடங்கக்கூடாது, தொடுமுன் கை கழுவ வேண்டும். ஆனால் முதியவரைச் சக்கர நாற்காலிக்கு மாற்றும் பணியாளர், அவசரத்தில் பேக்கைத் தூக்கி அவர் மடியிலேயே வைத்துவிடுகிறார். வெளியேறிய சிறுநீர் குழாய் வழியே திரும்பிப் போகிறது. ஒரு மாதம் குழாய் இருந்தாலே ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி சேர்ந்துவிடும். அது தொற்றாக முற்றினால் காய்ச்சல், திடீர்க் குழப்பம், சிலருக்கு உயிராபத்து.

அதனால்தான் குழாய் தேவைப்படாதவர்களை இரண்டு, மூன்று மணிக்கொரு முறை கழிப்பறைக்கு அழைத்துப்போகச் சொல்கிறார்கள். ஆளில்லை என்று டயப்பர் மாட்டிவிடுவது பராமரிப்பு ஆகாது.

இரும்பை, வானூர், திண்டிவனம் வட்டாரக் காப்பகங்களுக்கு ஆய்வுக்கு வரும் அதிகாரிகள், குழாய் மாற்றிய தேதியும் அன்றாடச் சிறுநீர் அளவும் எழுதிய ஏட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். அப்படியொரு ஏடு இல்லையென்றால், அதையும் குறையாகப் பதிவுசெய்ய வேண்டும்.

– வாசகர், இரும்பை