பழவேற்காட்டில் படகு ஏறி பூநாரை பார்க்கலாமா? சிக்கல் எங்கே இருக்கிறது?

மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஆஃப் கிடைப்பதே பெரிய விஷயம். பறவை பார்க்க வேண்டுமென்றால் வேடந்தாங்கல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் தண்ணீரில் போய்க்கொண்டே பறவையும் பார்க்கணும், மீன் பிடிப்பதையும் பார்க்கணும் என்று நினைப்பவர்கள், வண்டலூர் வெளிவட்டச் சாலையைப் பிடித்து சுமார் 100 கி.மீ. வடக்கே பழவேற்காட்டுக்குப் போகிறார்கள். அங்கே படகில் ஏறலாமா, கூடாதா என்பதில்தான் குழப்பம்.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தமிழகப் பகுதி 1980-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும்.

22 உயிர்கள்

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் விடுமுறை. சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகு படகு சவாரிக்குத் தடை வந்தது. ஆனாலும் மீன்பிடிப் படகுகளில் ஆள் ஏற்றிச் செல்வதாக அவ்வப்போது செய்தி வந்துகொண்டேதான் இருந்தது.

இதே மாநிலத்தில், முட்டுக்காட்டில் 1984 முதல் சுற்றுலா வளர்ச்சிக் கழகமே படகு விடுகிறது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியவில்லை? முட்டுக்காடு படகுக் குழாம் சுற்றுலாவுக்கென்றே அமைக்கப்பட்டது. பழவேற்காடு அப்படியல்ல, அது ஒரு பக்கம் சரணாலயம், இன்னொரு பக்கம் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு.

தூண்டில் போடலாமா?

தண்ணீர் எல்லோருக்கும் பொதுதானே என்று தோன்றும். ஆனால் ஏரியின் நல்ல மீன்பிடி இடங்களுக்கு 'பாடு' என்ற பழைய முறை உண்டு. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களின் தலைக்கட்டுகள் முறை வைத்து, இன்று யார், எந்த இடத்தில் வலை கட்டுவது என்று பிரித்துக்கொள்வார்கள். இறால் கிடைக்கும் இடங்கள் முகத்துவாரத்தை ஒட்டியே இருப்பதால், அங்கே ஒரு நாள் முறை தவறினாலும் பிரச்சினைதான். கரையோர ஆழமில்லாத நீரில் இருளர் பெண்கள் கையாலேயே தடவி இறால் பிடிக்கிறார்கள். வேடிக்கைக்குத் தூண்டில் போடுபவரும் விசைப்படகில் குறுக்கே போகிறவரும் நுழைவது இந்த ஏற்பாட்டுக்குள்தான். பூநாரைகளுக்கும் இதே கதை. முழங்கால் அளவு தண்ணீரில் இரை தேடும் கூட்டம், இன்ஜின் சத்தம் நெருங்கினால் எழும்பிப் பறந்துவிடும். மேய வேண்டிய நேரம் வீணாகும்.

அப்படியானால் மீனவர்கள் ஏன் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிறார்கள்? வலையில் கிடைப்பது போதவில்லை. கடலையும் ஏரியையும் இணைக்கும் முகத்துவாரம் மணல் மூடி அடைபடுகிறது. அடைபட்டால் கடல்நீர் வராது, இறால் குஞ்சும் வராது, படகும் கடலுக்குப் போக முடியாது.

தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். 330 ஏக்கரை சுமார் 6,110 ஏக்கராக்கும் விரிவாக்கத் திட்டத்தால், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணல்திட்டு அரிக்கப்படும் என்பது மீனவர்களின் அச்சம். 2023 செப்டம்பரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அதை அடுத்திருக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகம் வழியாகத்தான் ஒரகடத்து கார்கள் வெளிநாடு போகின்றன. ஆக, இந்தக் கடற்கரைக்கும் அந்த ஷிஃப்ட் வேலைக்கும் தொடர்பு இல்லாமலில்லை.

சிலிகா சொல்வது

சிலிகாவிலும் இதே அடைப்பு இருந்தது. 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். உப்புத்தன்மை திரும்பியது, மீன்பிடிப்பு பல மடங்கு கூடியது. சாத்தபடாவில் ஐராவதி டால்பின் காட்டும் படகுகளை உள்ளூர்ச் சங்கங்களே ஓட்டுகின்றன. படகுகள் டால்பினைத் துரத்துகின்றன என்ற புகார் அங்கேயும் உண்டு. ஆனால் புகார் வந்தால் யாரைக் கேட்பது என்றாவது தெரியும். பழவேற்காட்டில் வெறும் தடை மட்டும் போட்டதில், விபத்து நடந்தால் பொறுப்பேற்க ஆளில்லை.

இந்த சீசனில் போவதாக இருந்தால், வனத்துறையிடம் கேட்காமல், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் எந்தப் படகிலும் ஏற வேண்டாம். ஆந்திர எல்லை தாண்டி, சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரிக்கு நடுவிலேயே போகிறது. டிசம்பர், ஜனவரியில் அங்கே கரையில் நின்றே பூநாரைகளைப் பார்க்கலாம்.