பதற்றத்துக்கும் ஒரு கணக்கு வேண்டும்



சரக்கு விலையைப் பற்றியும் வரியைப் பற்றியும் நாம் கூடும்போதெல்லாம் பேசுகிறோம். கல்லாவில் அமர்ந்திருப்பவரின் மனநிலையைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. இனியும் அப்படி இருப்பது சரியல்ல என்று கருதுகிறோம்.

உப்பளத்தில் மளிகைக் கடை நடத்தும் நண்பர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டியது. அவர் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அடி வரிசையில் கிடந்த அரிசி, பருப்பு மூட்டைகள் எல்லாம் வீண். அந்த நஷ்டத்தை அவர் எப்படியோ ஈடுகட்டிவிட்டார். ஆனால் வானம் கறுத்தாலே நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது, கடைப் பையன் மீது எரிந்து விழுகிறார். வெளியே சொல்ல வெட்கப்பட்டு, "வாயுத் தொல்லை" என்று சோடா குடித்துச் சமாளித்து வந்தார்.

இது கோழைத்தனமும் அல்ல, பைத்தியமும் அல்ல. ஒருமுறை அடிபட்ட உடம்பு, ஆபத்து இல்லாத நேரத்திலும் எச்சரிக்கை மணி அடிக்கிறது. சிலருக்கு மண்டிக்காரரின் தொலைபேசி அழைப்பு, சிலருக்குக் காசோலைத் தேதி, மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்குத் தருவோருக்கு 20-ஆம் தேதி. எதைக் கண்டு நமக்குப் பதறுகிறது என்பதை முதலில் நாமே அறிய வேண்டும்.

அதற்கு வழி நம் கையிலேயே இருக்கிறது. பற்று வரவு எழுதும் நாம், பத்து நாள் இதையும் எழுதிப் பார்க்கலாம். எத்தனை மணிக்குப் பதறியது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அன்று எத்தனை டீ குடித்தோம் என்று குறித்தால் போதும். வெறும் வயிற்றில் ஐந்தாறு டீ குடித்தாலும் படபடப்பு கூடும் என்பதைப் பலர் நினைப்பதில்லை.

நம் நண்பர் எழுதிப் பார்த்தார். தரையில் கிடக்கும் மூட்டைகளைப் பார்க்கும்போதுதான் பயம் அதிகமாகிறது என்று தெரிந்தது. இரண்டடி உயரத்தில் மேடை கட்டி மூட்டைகளை ஏற்றினார். நாள் முழுவதும் புயல் செய்தி பார்ப்பதை விட்டு, காலையும் மாலையும் மட்டும் பார்க்கிறார். படபடப்பு வந்தால் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுகிறார். பயம் முற்றிலும் போகவில்லை. ஆனால் வியாபாரம் தடைப்படவில்லை.

விவரம் தெரியாததாலும் பயம் வளரும். காசோலை திரும்பினால் மறுநாளே வழக்கு என்று தூக்கம் இழப்பவர்கள் உண்டு. சட்டப்படி நோட்டீஸ் கைக்குக் கிடைத்த பின் பணம் செலுத்த 15 நாள் அவகாசம் இருக்கிறது. அந்த நாட்களில் ஒளிந்துகொள்ளாமல் நேரில் போய்ப் பேசுவதே நல்லது.

மொத்த வியாபாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பாக்கி கேட்பது உங்கள் உரிமை. மாலையில் கடை நிறைய ஆள் நிற்கும்போது கேட்காமல், காலையில் ஒரு நேரம் குறித்துக் கேளுங்கள். பணமும் வரும், மரியாதையும் நிற்கும்.

நெஞ்சு வலித்தால் மனப்பதற்றம் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதயத்தில் கோளாறு இல்லை என்றான பின்னும் தூக்கம் கெட்டு, கடை திறக்கவே மனம் வராவிட்டால், கோரிமேடு ஜிப்மரில் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

சங்கக் கூட்டங்களிலும் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும் என்பது நம் கருத்து. ஐப்பசி மழைக்கு முன் கூடும் கூட்டத்திலேயே தொடங்கலாம். கடை ஒரு நாள் பூட்டிக் கிடந்தால் ஏன் என்று போய் விசாரிக்கிறோம். கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே தவிக்கிறவரையும் விசாரிப்போம்.