அண்டர்டேல்: குறையைக் குணமென்பார்க்கு ஒரு மறுப்பு



தமிழாசிரியனுக்குக் கணினி விளையாட்டில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் உளர். மாணவர்கள் எந்த நூலைப் படிக்கின்றனர் என்று துருவித் துருவி வினவும் நாம், அவர்கள் இரவு வெகுநேரம் எந்தக் கதைக்குள் குடியிருக்கின்றனர் என்பதை மட்டும் அறியாதிருப்பது என்ன முறை? ஆகவே இன்று ‘அண்டர்டேல்’ என்னும் விளையாட்டைப் பற்றி எழுதுகிறேன். பாராட்டுவதற்காக மட்டுமன்று, வழக்காடுவதற்காகவும்தான்.

வழக்கு விளையாட்டோடு அன்று. அதன் அடியார்களோடும் அதன் பகைவர்களோடும். ‘இதன் குறைகளும் அழகே, ஒன்றையும் தொடாதீர்’ என்போர் ஒரு சாரார். ‘நிரல் எழுதத் தெரியாதவர் எழுதிய நிரல்’ என்று நகைப்போர் மறு சாரார். வேண்டுமென்றே வைத்த குறை எது, வறுமையால் வந்த குறை எது, கவனக்குறைவால் நேர்ந்த குறை எது என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை இரு சாரார்க்கும் இல்லை.

அறியாதவர்களுக்குச் சில செய்திகள். அமெரிக்கரான டோபி ஃபாக்ஸ் இதை ஏறக்குறைய ஒற்றை ஆளாக ஆக்கினார். கதை, உரையாடல், இசை, நிரல் அனைத்தும் பெரும்பாலும் அவருடையவை. ஓவியத்தில் டெம்மி சாங் என்பவர் பேருதவி புரிந்தார். 2013-இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 5,000 டாலர் கேட்டார். 2,398 பேர் சேர்ந்து 51,124 டாலர் அளித்தனர். ‘கேம்மேக்கர்’ என்னும் ஆயத்த மென்பொருளைக் கொண்டு உருவாக்கி, 2015 செப்டம்பர் 15-ஆம் நாள் வெளியிட்டார். பல நூறு பேர் பணியாற்றும் நிறுவனங்களின் விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் இது குடிசைத் தொழில். ஆயினும் அந்த ஆண்டு அதிகம் பேசப்பட்ட விளையாட்டுகளுள் இதுவும் ஒன்று.

ஏன் பேசப்பட்டது? பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் நெடுங்காலமாக ஓர் எழுதாச் சட்டம் உண்டு. எதிர்ப்படும் உயிரைக் கொல், கொன்றால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் வலிமை. அண்டர்டேல் இந்தச் சட்டத்தையே விசாரணைக் கூண்டில் ஏற்றுகிறது. நிலத்தடியில் அடைபட்ட அரக்கர்களின் உலகத்துள் ஒரு குழந்தை விழுகிறது. எதிர்ப்படும் எந்த அரக்கரையும் கொல்லாமலே முடிவுவரை செல்லலாம். கூச்சத்தால் ஒடுங்கும் பாடகிக்கு நாம் முணுமுணுத்துக் காட்டினால் அவள் வாய் திறக்கிறாள். தூய்மைப் பித்துப் பிடித்த ஒருவனிடம் நம்மைக் கழுவிவிடச் சொன்னால் அவன் மகிழ்ந்து போகிறான். ஆளைப் புரிந்துகொண்டால்தான் சண்டை முடியும். ஆங்கிலத்தில் ‘அன்பு’ என்று படிக்கத்தக்க நான்கெழுத்துகளை வழக்கமான வளர்ச்சிப் படிநிலை என்று நாம் எண்ணியிருக்க, அது நாம் செய்த வன்முறையின் அளவு என்று இறுதியில்தான் தெரியவருகிறது.

இதனினும் பெரிது அதன் நினைவாற்றல். தொடக்கத்திலேயே தாய்போல் நம்மை அணைக்கும் டொரியல் என்னும் பாத்திரத்தை நாம் கொன்றுவிட்டு, மனம் பொறாமல் சேமித்த இடத்துக்குத் திரும்பி, இம்முறை கொல்லாமல் விடுகிறோம் என்று வையுங்கள். மற்ற விளையாட்டுகளில் அத்தோடு கணக்குத் தீர்ந்தது. இங்கே ஃப்ளாவி என்னும் பூ நம்மை எதிர்கொண்டு, நாம் முன்பு செய்ததைச் சொல்லி ஏளனம் செய்கிறது. எல்லாரையும் கொன்று முடிக்கும் வழியில் சென்றவர், பின்னர் எத்துணை நல்லவராக ஆடினாலும் இறுதிக் காட்சியில் ஒரு கறை எஞ்சுகிறது. செய்த வினையை அழித்தெழுத இயலாது என்பதைச் சொல்ல எத்தனையோ நூல்கள் உண்டு. அதைக் கணினிக்குள் ஒரு சிறு கோப்பாக எழுதிவைத்துச் சொன்னது இது.

சிறு சிறு அழகுகளைச் சொல்லப் புகுந்தால் இடம் போதாது. ஆயினும் ஒன்று. ஒரு நீர்நிலப் பகுதியில், மேலிருந்து நீர் சொட்டச் சொட்டத் தனியே நனைந்துகொண்டிருக்கும் சிலை ஒன்று உண்டு. சற்றுத் தொலைவில் குடைகள் வைக்கப்பட்டிருக்கும். ஒரு குடையை எடுத்துவந்து சிலைக்குப் பிடித்தால், அதனுள்ளிருந்து இசைப்பெட்டி ஒன்று மெல்ல ஒலிக்கத் தொடங்கும். செய்யாவிட்டால் தண்டனை இல்லை. செய் என்று எவரும் கட்டளையிடுவதும் இல்லை.

எழுத்துருவைப் பற்றிச் சொல்லாமல் விட என் தொழில் இடந்தராது. சான்ஸ், பப்பைரஸ் என்னும் எலும்புக்கூட்டு உடன்பிறப்புகள் இருவர். காமிக் சான்ஸ், பப்பைரஸ் ஆகிய எழுத்துருக்களின் பெயர்களே அவர்களின் பெயர்கள். அவரவர் பேச்சு அந்தந்த எழுத்துருவிலேயே தோன்றும். எழுத்தின் வடிவமே குணச்சித்திரம் ஆகிறது. 2017-இல் சப்பானிய மொழியில் வந்தபோது பப்பைரஸின் பேச்சை மேலிருந்து கீழாக எழுதிக் காட்டினர். மொழிபெயர்ப்பு என்றால் இதுவன்றோ மொழிபெயர்ப்பு!

இனி வழக்குக்கு வருவோம்.

இந்த விளையாட்டில் நடை மிக மெது. ஓடுவதற்கு வழியே இல்லை. கதை முடிந்தபின் மெய்யான நல்முடிவைக் காண வேண்டுமாயின், முதலில் ஒருமுறை வேறொரு முடிவை எட்டிவிட்டு, பிறகு சிலரைத் தேடிச் சென்று நட்புக்கொள்ள வேண்டும். நடந்த வழியிலேயே மீண்டும் நடக்க வேண்டும். கணினிப் பதிப்பில் விசைப்பலகையின் விசைகளை நம் கைக்கேற்ப மாற்றியமைக்க இடமில்லை. திரை மின்னி மின்னிக் கண்ணைத் தாக்கும் காட்சிகள் உண்டு. அவற்றைத் தணிக்கும் அமைப்பும் இல்லை. ‘எளிது, கடினம்’ என்று தேர்ந்தெடுக்கவும் முடியாது.

கடைசியாகச் சொன்னதே எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. கொல்லாநெறியில் செல்பவர் வலிமை பெறமாட்டார். தொடக்கத்தில் இருந்த 20 உயிர்ப்புள்ளிகளே இறுதிவரை. ஆகவே இரக்கத்தைத் தேர்ந்தவர்தாம் பாயும் கணைகளிலிருந்து மிகுந்த விரல்திறத்தோடு தப்ப வேண்டியவர் ஆகிறார். ‘இரக்கம் கொலையைவிடக் கடினமானது, அதைத்தான் ஆசிரியர் உணர்த்துகிறார்’ என்று அடியார்கள் விடையிறுப்பர். நல்ல விடைதான். ஆனால் விரல் நடுங்கும் முதியவர்க்கும் ஒற்றைக் கையால் ஆடும் பிள்ளைக்கும் அது வெறும் பூட்டிய கதவு. அவர்களுக்கு இரக்கம் கடினமாகவில்லை, விசைதான் கடினமாகிறது. அறத்தின் அருமையும் கைவிரலின் வேகமும் ஒன்றா?

டோபி ஃபாக்ஸ் இதை உணராதவர் என்று நான் சொல்லவில்லை. நம் உயிர் மிகக் குறைந்தால் டொரியலின் தீப்பிழம்புகள் தாமே விலகிச் செல்கின்றன; அவள் நம்மைக் கொல்ல விரும்பவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டா. பப்பைரஸிடம் மூன்று முறை தோற்றால் சண்டையே இன்றிக் கடந்துபோக விடுகிறான். ஒரு கடையில் கிடைக்கும் கவசம், நாம் எத்தனை முறை இறக்கிறோமோ அத்தனைக்கு விலை குறைகிறது. இவையெல்லாம் கதையோடு இழைந்த உதவிகள்; நான் கண்டு வியந்தவை. ஆனால் மற்றப் போர்கள் பலவற்றில் இந்தக் கருணை இல்லை. கவசக் கடையோ மறைவான ஊரில் இருக்கிறது. தேவைப்படுவோர் கண்ணுக்குப் படாத உதவி பாதி உதவிதான்.

‘குறையே அழகு’ என்போரை நான் கேட்பது இது. அதே ஆசிரியர் 2018-இல் ‘டெல்டாரூன்’ என்னும் அடுத்த ஆக்கத்தின் முதல் இயலை வெளியிட்டார். மூன்றாம், நான்காம் இயல்கள் 2025 சூனில் வந்தன. அதில் ஓட்டம் உண்டு. எப்போதும் ஓடுமாறு அமைத்துக்கொள்ளலாம். விசைகளை மாற்றலாம். கண்கூசும் காட்சிகளை எளிமையாக்கலாம். அழகென்று நீங்கள் காவல் காத்த குறைகளை ஆக்கியவரே நீக்கிவிட்டார்! அதனால் டெல்டாரூன் அழகு குன்றிப்போயிற்றா? இல்லையே. அதே வேளையில், பழைய தொலைக்காட்சி போன்ற திரைச் சட்டத்தையும், நொடிக்கு 30 படம் என்னும் அளவையும், கட்டங்கட்டமான ஓவியத்தையும் அவர் அப்படியே வைத்துக்கொண்டார். எது நடை, எது தழும்பு என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. ‘படம் தெளிவாக இல்லை’ என்று குறைகூறும் பகைவர்களும் இதைக் கருதுக. அது தேர்ந்த நடை.

நடையும் பிழையும் ஒன்றுபோல் தோன்றும் இடங்களும் உண்டு. ஃப்ளாவியோடு நிகழும் போரில் விளையாட்டு தானே மூடிக்கொள்கிறது. கணினி பழுதென்று எண்ணிப் பலர் திகைத்திருப்பர். அது கதையின் பகுதி. சேமிப்புக் கோப்பைத் திருத்திச் செல்லக்கூடாத இடத்துக்குச் சென்றால், பிழைச் செய்திக்கு மாறாக ஒரு வெள்ளை நாய் படுத்துறங்கும் அறை வந்துவிடும். பிழையறிவிப்பை இத்தனை அன்போடு ஆக்கியவரை வேறு எங்கும் நான் கண்டதில்லை.

நிரலைப் பார்த்து நகைப்போர்க்கும் ஒரு சொல். விளையாட்டைப் பிரித்துப் பார்த்தவர்கள், உரையாடல்கள் பல நூறு கிளைகள் கொண்ட ஒரே நீண்ட நிரற்பகுதியில் எண்ணிட்டு அடுக்கப்பட்டிருப்பதைக் காட்டிச் சிரித்தனர். பாடநூல் முறைப்படி அது தவறுதான். ஆனால் அந்தப் பகுதியை ஆடுபவர் காண்பதில்லை. ஒழுங்கான நிரல் எழுதி, ஒருவர் மனத்திலும் தங்காத விளையாட்டுகள் எத்தனை? நகைப்பவர்களுள் எத்தனை பேர் ஒன்றை முடித்து வெளியிட்டிருக்கின்றனர்?

ஆயினும் அந்தக் கோணல் நிரலால் ஒருவர்க்கு மெய்யாகவே தொல்லை உண்டு. அவர் மொழிபெயர்ப்பாளர். உரையை நிரலுக்குள் புதைத்துவிட்டால், வேற்றுமொழிக்குக் கொண்டுசெல்பவர் சுவரை உடைத்துச் செங்கலை மாற்ற வேண்டும். ஆங்கிலம், சப்பானியம் என்னும் இரு மொழிகளில் மட்டுமே இது முறையாக வந்தது. மற்ற மொழிகளில் உலவுபவை ஆர்வலர்கள் கோப்புகளைக் குடைந்து செய்தவை.

தமிழில் வந்தால் என்னாகும் என்று எண்ணிப் பார்த்தேன். இந்த விளையாட்டில் பேச்சு எழுத்தெழுத்தாகத் தோன்றும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சிற்றொலி உண்டு. சில இடங்களில் ஒவ்வோர் எழுத்தும் தனித்து நடுங்கும். ஆங்கிலத்துக்கு இது தடையில்லை. தமிழில் ‘கொ’ என்பது கணினிக்குள் ககரமும் உயிர்க்குறியும் என இரண்டாக இருப்பது. அந்தக் குறியோ ககரத்தின் இருபுறமும் நிற்பது. துண்டு துண்டாக வரைந்தால் ஒற்றைக்கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று அலங்கோலமாகும். புள்ளி தன் மெய்யைவிட்டு அந்தரத்தில் ஆடும். ‘தமிழ் கடினமான எழுத்து, அதனால்தான்’ என்று உடனே சொல்வார்கள். ஆயிரக்கணக்கான சித்திர எழுத்துகளைக் கொண்ட சப்பானியத்துக்கு இடம் கிடைத்தது. நமக்கு 247 எழுத்துகள், கிரந்தம் சேர்த்தாலும் அதற்குச் சற்றே மேல். உயிர்மெய்யை ஒரே எழுத்தாகக் கொள் என்று கணினிக்குக் கற்பித்தால் போதும். முதல் வகுப்புப் பிள்ளைக்கு நாம் கற்பிப்பதும் அதைத்தானே?

மாணவர்கள் சிலர் தாமும் ஒரு விளையாட்டு ஆக்கப்போவதாகச் சொல்கின்றனர். கதைக்குறிப்பும் கொண்டுவந்து காட்டினர். அண்டர்டேல் போல் கட்டப்படம், அண்டர்டேல் போல் நாய். அதெல்லாம் இருக்கட்டும், முதல் நாளே மூன்றைச் செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்: உரையைத் தனிக் கோப்பில் வையுங்கள், உயிர்மெய்யை உடைக்காதீர்கள், விசைகளை மாற்றிக்கொள்ள விடுங்கள். நாயைப் பிறகு வரைந்துகொள்ளலாம்.