பிச்சாவரம்: படகில் ஏறும் முன் ஒரு கேள்வி, இறங்கிய பின் ஒரு கேள்வி

சிதம்பரத்திலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர். விடுமுறை நாள் என்றால் பிச்சாவரம் படகுத் துறையில் காலை பத்து மணிக்கெல்லாம் கூட்டம் சேர்ந்துவிடும். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, ஒரு ரவுண்டு போய், நாலு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களில் சிலர் கரையில் இறங்கியதும் அலுத்துக்கொள்வதும் உண்டு: “பச்சை பசேல்னு இருக்கு, சரி. பறவை எங்கப்பா?”

பறவை அங்கேதான் இருக்கிறது. வந்த நேரம்தான் தப்பு.

பிச்சாவரத்துக்குக் கிளம்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது “படகு எத்தனை மணிக்கு?” என்று. கேட்க வேண்டியது “தண்ணி எப்போ வத்தும்?” என்று. வடக்கே பரங்கிப்பேட்டை அருகே கடலில் சேரும் வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் இடையில் கிடக்கிறது இந்தக் காடு. கடல்நீர் தினமும் இரண்டு முறை உள்ளே ஏறுகிறது, இரண்டு முறை வற்றுகிறது. நம் கரையில் அந்த ஏற்ற இறக்கம் ஓர் ஆள் உயரம்கூட வராது. ஆனால் அந்தக் கொஞ்ச நீர் வற்றும்போதுதான் சேற்றுத் திட்டுகள் வெளியே தெரியும். சேறு தெரிந்தால்தான் புழு, நண்டு, சிறு மீன் எல்லாம் அகப்படும். அப்போதுதான் உள்ளான்களும் கொக்கு, நாரைகளும் இரை தேட இறங்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகள் வரும் காலம். அந்த மாதங்களில், வெயில் ஏறுமுன், நீர் வற்றும் வேளையாகப் பார்த்துப் போகிறவர்களுக்குக் கண்ணுக்கு விருந்து.

படகிலும் வித்தியாசம் உண்டு. மோட்டார் படகு அகலமான நீர்வழிகளில்தான் ஓடும். தலைக்கு மேல் கிளைகள் கூடாரம் போட்ட குறுகலான வாய்க்கால்களுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். இன்ஜின் சத்தம் இல்லாததால் மீன்கொத்தி பக்கத்துக் கிளையிலேயே உட்கார்ந்திருக்கும். கூட வந்தவர்கள் புளூடூத் ஸ்பீக்கரை அலறவிடாமல் இருந்தால், அவ்வளவுதான். 1975இல் வெளியான ‘இதயக்கனி’ படப்பிடிப்பு இங்கே நடந்ததிலிருந்து பிச்சாவரத்துக்கும் பாட்டுக்கும் ஒரு பந்தம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதைப் படகு வரை கொண்டுவர வேண்டியதில்லை.

என்ன மரம் இது?

கரையோரமாக, நண்டுக் கால்கள் போல வேர்களை ஊன்றி நிற்பது சுரபுன்னை. இதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் மாதிரி நீண்டு தொங்கும். விழுந்தால் சேற்றில் குத்திட்டு வளரும், அல்லது மிதந்துபோய் வேறிடத்தில் வேர் பிடிக்கும். அதற்குப் பின்னால், காட்டின் பெரும்பகுதியில் இருப்பது வெண்கண்டல். சேற்றில் காற்று கிடைக்காது என்பதால், இதன் வேர்கள் பென்சில் பென்சிலாக மண்ணுக்கு வெளியே தலைநீட்டி மூச்சு வாங்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடும்.

இவற்றோடு தில்லை மரமும் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான மரம். ஊரில் இல்லாமல் போய் இங்கே இருக்கிறது. அழகாக இருக்கிறதே என்று கிளையை ஒடிக்கக் கூடாது. இதன் பால் கண்ணில் பட்டால் எரிச்சலோடு கொஞ்ச காலத்துக்குப் பார்வையே போய்விடும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகுதான் வெளியூர்க்காரர்கள் பலருக்கு இந்தக் காட்டின் பெயர் தெரிந்தது. கடலுக்கும் காட்டுக்கும் இடையே மணல் திட்டில் இருந்த எம்ஜிஆர் திட்டு, சின்னவாய்க்கால் போன்ற குடியிருப்புகள் அழிந்தன. காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவு. காடு மட்டுமே காப்பாற்றியதா, அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளி, சற்று உயரத்தில் இருந்ததும் காரணமா என்று ஆய்வாளர்கள் பின்னர் வாதிட்டார்கள். அந்த வாதம் நியாயமானதுதான். அலையாத்தி மரம் நட்டால் போதும், ஊரை எங்கே வேண்டுமானாலும் கட்டலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

பாதுகாத்தபோதே பட்டுப்போன காடு

பிச்சாவரத்தின் கதையில் பலர் அறியாத பகுதி இதுதான். ஆங்கிலேயர் காலத்திலிருந்தே இது அரசின் பராமரிப்பில் இருந்த காடு. அப்போது காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து மொத்தமாக வெட்டுவார்கள். அதற்குக் கூப்பு என்று பெயர். 1970கள் வரை இது நடந்தது. வெட்டிய இடம் தானாக வளர்ந்துவிடும் என்பது கணக்கு. வளரவில்லை. நிழல் போனதும் ஈரமண் வெயிலில் காய்ந்து, அமிழ்ந்து, தாம்பாளம் மாதிரி குழிந்துவிட்டது. ஏற்றத்தில் புகுந்த கடல்நீர் திரும்ப வழியில்லாமல் தேங்கியது. வெயிலில் ஆவியாகி உப்பு மட்டும் மிஞ்சியது. வெண்கண்டலே தாங்காத உப்பு.

பழி பல காலம் ஆடு மாடு மேய்த்தவர்கள் மீதும் விறகு பொறுக்கியவர்கள் மீதும் விழுந்தது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து இறங்கியபோது செய்தது எளிமையான வேலை: தேங்கிய நீருக்கு வழி வெட்டினார்கள். நடுவில் ஒரு வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், மீன் முள் போல. கடல்நீர் வந்து போகத் தொடங்கியதும் உப்பு குறைந்தது. கரையில் நட்ட கன்றுகள் பிழைத்தன.

அதாவது, இங்கே காட்டைக் காப்பது என்பது வேலியைவிடத் தண்ணீரைப் பொறுத்தது. இங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது.

‘வீணாகும்’ நீர் யாருடையது?

2022இல் பிச்சாவரம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு சுமார் 1,478 ஹெக்டேர். பெருமைதான். ஆனால் அந்த எல்லைக்கோட்டுக்குள் நடப்பதை மட்டும் வைத்து ஒரு கழிமுகத்தைக் காப்பாற்ற முடியாது. இதற்கு வேண்டிய நன்னீர் கொள்ளிடத்தில், வெள்ளாற்றில், கான்சாகிப் வாய்க்காலில், உப்பனாற்றில் வருகிறது. கொள்ளிடமோ முக்கொம்பிலும் கீழணையிலும் தடுக்கப்பட்டு, வெள்ள காலத்தில்தான் கடல் வரை பெருகி ஓடுகிறது. அப்படி ஓடும்போதெல்லாம் தொலைக்காட்சியிலும் நாளிதழ்களிலும் ஒரே வரி: ‘கடலில் வீணாகக் கலக்கும் நீர்’.

அந்த நீரில்தான் ஆற்று வண்டல் வருகிறது, உப்பு தணிகிறது, இறால் குஞ்சு வளரும் பதம் கிடைக்கிறது. ஓட்டம் குறைந்தால் முகத்துவாரத்தில் மணல் மேடிடும். மணல் அடைத்தால் கடல்நீரும் சரியாக வந்து போகாது. கூப்புக் காலத்துக் கதைதான் மறுபடியும்.

இறால் என்றதும் தட்டில் இருப்பது நினைவுக்கு வரும். இங்கே கிள்ளை பக்கத்து இருளர் மக்களுக்கு அது அன்றாடக் கூலி. இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைத் துழாவி, வெறும் கையால் இறால் பிடிக்கிறார்கள். ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிடித்ததை அதில் போட்டபடியே நகர்கிறார்கள். சுற்றுலாப் படகு வேகமாகப் போனால் அலை அவர்கள் மீதுதான் அடிக்கும். போட்டோ எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்பதும் மரியாதை.

மேலே இருக்கும் விவசாயிக்கும் நியாயம் உண்டு. கொள்ளிடத்தில் கடல்நீர் ஏறி, கரையோரக் கிணறுகள் உப்பாகின்றன என்பது பொய்ப் புகார் அல்ல. அதனால்தான் ஆதனூர்–குமாரமங்கலம் கதவணை கட்டப்பட்டது. இன்னும் கீழேயும் கதவணை வேண்டும் என்ற கோரிக்கையும் எழுகிறது. கட்டக் கூடாது என்று சொல்ல முடியாது. கட்டுவதற்கு முன், ஆண்டின் எந்தெந்த மாதம் எவ்வளவு நன்னீர் முகத்துவாரம் வரை போயாக வேண்டும் என்று நிர்ணயித்து, அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். கதவைத் திறக்கும் பொறியாளரின் கையில் அந்தக் கணக்கும் இருக்க வேண்டும். படகுத் துறைக்குப் புதுக் கட்டடம் வருவதற்கு முன்னால் இது வரட்டும்.

போகிறவர்களுக்கு: தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டுபோய், திரும்பக் கொண்டுவாருங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 முதல் மாநிலம் முழுக்கத் தடை. இங்கே எறிந்த கவர் மூச்சு வேரில் சிக்கிக்கொண்டால் எந்த ஏற்றமும் அதை வெளியே கொண்டுபோகாது. முதல் நாளே படகுத் துறையில் கேட்டுவிடுங்கள், நாளைக்குத் தண்ணி எப்போ வத்தும் என்று. துடுப்பு போடுகிறவருக்கு அது தெரியும்.